மஞ்சள் கல்லில் ஒரு பழைய ஷெஃபீல்ட் சவரக்கத்தி

பழைய சவரக்கத்தி கைக்கு வந்தால் முதலில் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். பெயர், முத்திரை, கைப்பிடியின் அழகு எல்லாம் அப்புறம். முதுகுப் பக்கத்துத் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். விளிம்பை ஒட்டி எஃகில் குழி விழுந்திருந்தால், தீட்டத் தீட்ட அந்தக் குழி விளிம்புக்கே வந்து சேரும். அங்கே கூர் நிற்காமல் பொடியும். பிரஸ்ஸல்ஸின் மரோல் பகுதியில் தினமும் கூடும் பழம்பொருள் சந்தையில், ஒரு பெட்டியில் கிடந்த கத்திகளில் நான் எடுத்தது மேலெல்லாம் கறுத்துப்போன ஒன்றை. விளிம்போரம் மட்டும் சுத்தமாக இருந்தது, அது போதும்.

முக்கால் அங்குல அகலம், கொம்புக் கைப்பிடி. அலகின் அடியில், கத்திகளுக்குப் பேர்போன இங்கிலாந்து நகரான ‘ஷெஃபீல்ட்’ பெயர் மட்டும் பொறித்திருந்தது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1891இல் நடைமுறைக்கு வந்தபின், ஷெஃபீல்ட் கத்திகளில் ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் பரவலாகச் சேர்ந்தது. என் கத்தி அதற்கு முந்தையதாக இருக்கலாம். இந்த ஒரு தடயத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கைப்பிடி கொம்பாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி. செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடி சிதையத் தொடங்கினால் அமில ஆவி விட்டு, மடித்து வைத்த அலகையே அரித்துவிடும்.

துருவுக்கு மெல்லிய எண்ணெயும் நுண்ணிய உப்புத்தாளும் போதுமானவை. மோட்டார் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்க ஆசை வரும், வேண்டாம். விளிம்பு அவ்வளவு மெல்லியது, நொடியில் சூடேறும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எஃகின் கடினம் குறைய ஆரம்பிக்கும், அதை எந்தக் கல்லாலும் மீட்க முடியாது. துரு போனதும் கறுப்புத் தழும்புகளை அப்படியே விட்டுவிட்டேன்.

கல்லுக்கு வருவோம். கோட்டிக்யூல் என்பது பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில், வியெல்சால்ம் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் மஞ்சள் நிறத் தீட்டுக்கல். பக்கத்திலுள்ள சால்ம்ஷாத்தோவில் இந்தக் கல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மஞ்சள் அடுக்கு மெல்லியது என்பதால் அடியில் வேறு கல்லை வைத்து ஒட்டி விற்பது வழக்கம். எஃகை வெட்டுவது அதற்குள் இருக்கும் கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் நுண்ணிய மணிகள்.

இந்தக் கல்லின் அருமை, தண்ணீரின் அளவை மாற்றியே ஒரு கல்லில் எல்லாக் கட்டங்களையும் முடிக்க முடிவதுதான். அதே கல்லின் சிறு துண்டால் மேலே தேய்த்தால் பால் போலக் கரைசல் வரும். கெட்டியான பால் வேகமாக வெட்டும். முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிமனே கோணத்தைப் பார்த்துக்கொள்ளும், பெரும்பாலும் 16, 17 டிகிரி வரும். முதுகு தேயாமலிருக்க ஒரு சுற்று டேப் ஒட்டினேன். விளிம்பு முன்னே செல்லும்படி, அலகின் முழு நீளமும் கல்லில் படுமாறு சாய்வாக இழுத்துக்கொண்டே போனேன்.

இந்த முதல் கட்டத்தில் அவசரமே கூடாது. இரண்டு பக்கச் சரிவுகளும் நுனியிலிருந்து அடிவரை சந்தித்தாக வேண்டும். விளக்கடியில் விளிம்பை நேராகப் பார்த்தால், மழுங்கிய இடம் ஒளியைத் திருப்பி மின்னும். அந்த மின்னல் முழுக்க மறைந்து, முன்கை முடியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மழித்தால்தான் அடுத்ததுக்குப் போகலாம். விளிம்பு உடைந்த கத்தியென்றால் முதலில் 1000 எண் கொண்ட, இதைவிடச் சொரசொரப்பான செயற்கைக் கல்லில் போடுவதே நல்லது.

அப்புறம் தண்ணீர். மிதக்கும் மணிகளில் விளிம்பு மோதுவதால், கெட்டிப் பால் ஓர் எல்லைக்கு மேல் கூர்மையை வளரவிடாது. அதனால் விரல் நுனியால் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சில இழுப்புகள், மறுபடி சொட்டு என்று போக வேண்டும். கை அழுத்தமும் கூடவே குறைய வேண்டும். கடைசியில் தெளிந்த தண்ணீர் மட்டும், கத்தியின் எடை மட்டும். விளிம்பு நேர்த்தியாகி வரும்போது, முன்னால் தள்ளப்படும் தண்ணீர் அலகின் மேல் ஏறி ஓடும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

பிறகு விளிம்பைச் சீராக்க முதலில் கித்தான் பட்டையிலும் அப்புறம் தோல்பட்டையிலும் அலகை இழுக்க வேண்டும், இரண்டிலும் முதுகு முன்னே செல்ல வேண்டும். யாரோ பயன்படுத்திய கத்தி, ஆகவே ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்தேன்.

முதல் சவரம் கன்னத்தில். முடி சத்தமில்லாமல் போனது. தோலில் எரிச்சலே இல்லை. ஜப்பானின் கியோட்டோ மலைகளில் கிடைக்கும் தீட்டுக்கற்கள் இதைவிடக் கூர்மை தரும் என்பார்கள், இருக்கலாம். என் தோலுக்கு இந்த மென்மைதான் ஒத்துவருகிறது. இப்போது தோல்பட்டையில் கூர் திரும்பாதபோது மட்டும் தெளிந்த தண்ணீரில் கல்லைத் தொடுகிறேன். பால் தேவைப்படவில்லை.