தோள் கணக்கு

மார்ச் 3, செவ்வாய்
காலிப்பரை, காலைத் தாங்கும் அந்தச் சட்டத்தை, மாட்டுவதா வேண்டாமா என்று கட்டிலிலேயே கால் மணி நேரம் யோசித்தேன். முதுகுத்தண்டில் டி10-இல், அதாவது மார்புப் பகுதியின் பத்தாவது எலும்பில், அடிபட்டுக் கால்கள் செயலிழந்து 9 வருடம் ஆகிறது. காலிப்பரோடு எழுந்து நிற்பதும், வாக்கரைப் பிடித்து அறைக்குள் நாலு எட்டு வைப்பதும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை நடை என்று சொல்ல முடியாது. கைகளால் உடம்பைத் தூக்கித் தூக்கி வைப்பதுதான். வலது தோளோ இரண்டு வாரமாக முனகுகிறது. சரி, வீல்சேரே போதும். நிற்காத நாளில் ராத்திரி தொடை இழுக்கும். பார்ப்போம்.

மார்ச் 4, புதன்
இழுத்தது. தூக்கமில்லை.

மார்ச் 6, வெள்ளி
ஒரு நாளில் எத்தனை முறை இடம் மாறி உட்காருகிறீர்கள் என்று எண்ணிவரச் சொல்லியிருந்தார் பிசியோ. எண்ணினேன்: 18. கட்டில், குளியல் நாற்காலி, கார் எல்லாம் போக, கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடுவதற்காக மட்டும் கழிப்பறை இருக்கையில் ஏறி இறங்கியது 8. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டியதை வீல்சேரில் உட்கார்ந்தபடியே பையை இணைத்துப் போட்டால் அந்த எட்டும் மிச்சம். இத்தனை வருடம் இது ஏன் தோன்றவில்லை? கழிப்பறைக்குப் போனால்தான் மரியாதை என்று ஒரு வீம்பு, வேறென்ன.

கட்டில் வேறு வீல்சேரைவிட நாலு விரல் உயரம். இறங்குவது சுலபம், ஏறும்போது தோள் அழுகிறது. கால்களை அறுத்துச் சமமாக்கச் சொல்லிவிட்டேன். கட்டிலின் கால்களை.

மார்ச் 9, திங்கள்
இரண்டு கையையும் ஊன்றி எழும்பி பின்புறத்துக்கு ஓய்வு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ரத்தம் திரும்ப ஓடும் அளவுக்கு அப்படியே தாங்கி நிற்கவும் முடியாது, தோளும் தேயும். இப்போது அரை மணிக்கு ஒருமுறை அலாரம். மார்பு தொடையில் படக் குனிந்து இரண்டு நிமிடம். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன விழுந்துவிட்டது என்று தேடித் தருகிறார்கள்.

மார்ச் 12, வியாழன்
நூலகத்துச் சாய்தளம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். அங்கே ஆறு இருந்தாலே அதிகம். பாதியில் தோள் மறுத்துவிட்டது. "தள்ளட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். கேட்காமல் கைப்பிடியைப் பிடிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கேட்டவரிடம் என்ன சொல்ல? தள்ளுங்கள் என்றேன். மேலே போய் டயரை அமுக்கினால் கட்டைவிரல் உள்ளே போகிறது. காற்றில்லாத டயரோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்!

மார்ச் 14, சனி
டயருக்குக் காற்று. முன்னால் மாட்டும் மோட்டார் சக்கரமும் வந்துவிட்டது. வெளியே மோட்டார், வீட்டுக்குள் கை என்று ஒப்பந்தம். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் சுற்றினேன். அலாரம் அடித்தது. அணைத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு
கண்ணாடியில் பார்த்தால் இடதுபக்க உட்காரும் எலும்பின்மேல் காசளவு சிவப்பு. அரை மணி கழித்தும் மறையவில்லை. அழுத்தப் புண்ணின் ஆரம்பம். ஏர் குஷனில் காற்று இறங்கி, எலும்பு அடித்தட்டில் இடித்திருக்கிறது. டயருக்கு அடித்தவன் குஷனைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இன்று முழுக்கக் குப்புறப் படுக்கை. மூலையில் மோட்டார் சக்கரம், பச்சை விளக்கோடு, முழு சார்ஜில் நிற்கிறது.