லஸ்கரின் நோட்டுப் புத்தகம்

மன்னார்குடியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகள், "தண்ணீர் சம்பந்தமா மேல என்ன படிக்கலாம் மாமா?" என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாள். கல்லூரிப் பெயர்களை மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் என் முதுநிலை ஆய்வேட்டில் நான் செய்த பிழையை மறைத்துவிட்டு அவளுக்கு அறிவுரை சொல்வது சரியாகாது என்று பட்டதால், பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் சூழல் மேலாண்மையை முதுநிலையில் படிக்கலாம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் நான்காண்டு மீன்வளப் பட்டம் கேட்பார்கள் என்பதால், விலங்கியல் முடித்தவருக்கு அந்த வாசல் எளிதில் திறக்காது. வெள்ளாற்றின் முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அவளுக்கு ஏற்றது. படகேறினால் பிச்சாவரம் அலையாத்திக் காடே ஆய்வுக்கூடமாகிவிடும். கட்டுமானப் பொறியியல் படித்திருந்தால் கேட் தேர்வு எழுதிக் கிண்டியில் நீர்வளப் பொறியியல் சேரலாம். திருச்சியை அடுத்த துவாக்குடியில் உள்ள பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் பட்டம் தரும் இடமன்று. பொறியாளர்களுக்கும் உழவர்களுக்கும் பயிற்சி தரும் இடம். எனக்குக் கேட்டால், பட்டத்தைவிட அங்கே கேட்கக் கிடைக்கும் பேச்சு பெரிது என்பேன்.

இந்தப் பட்டியலில் ஒரு பிளவு இருப்பதைப் படிக்கும் காலத்தில் நான் கவனிக்கவில்லை. உயிரியல் பக்கம் போனவர்கள் தண்ணீரை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பேசுகிறோம். பொறியியல் பக்கம் போனவர்கள் விநாடிக்கு இத்தனை கன அடி என்றும், இத்தனை டிஎம்சி (நூறு கோடி கன அடி) என்றும் பேசுகிறார்கள். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது எங்கள் பாடத்தில் ஒருநாளும் வந்ததில்லை. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளி (ஆக்சிஜன்) எவ்வளவு என்பது அவர்கள் பாடத்தில் ஓரிரு பக்கங்களுக்கு மேல் வந்திருக்காது. வாய்க்காலில் இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன.

என் ஆய்வேடு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஊராட்சிக் குளத்தைப் பற்றியது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு எனப் பிரியும் தண்ணீரில் ஒரு கிளை பல வாய்க்கால்களைக் கடந்து அந்தக் குளத்துக்கு வரும். மீன் வளர்க்கக் குத்தகைக்கு விடப்பட்டு, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் விடப்பட்டிருந்தன. நான் தினமும் காலை பத்து மணிக்குப் போய், 300 மில்லிலிட்டர் பாட்டிலில் குமிழி நுழையாமல் நீர் எடுத்து, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு, பழுப்பு நிறம் படிவதைப் பார்த்துவிட்டு வருவேன். விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலர் 1888-இல் தந்த முறை இது. பழுப்பு படியாமல் வெள்ளையாகவே நின்றால் உயிர்வளி இல்லை என்று பொருள். எனக்குத் தினமும் நல்ல பழுப்புதான் படிந்தது. ஆறு மில்லிகிராமுக்குக் குறைந்ததே இல்லை.

குத்தகைக்காரர் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "தம்பி, நீங்க வர்ற நேரத்துல மீனும் நல்லாத்தான் இருக்கு. விடியறதுக்கு முந்தி வந்து பாருங்க, மேல வந்து வாய் பொளக்குறது தெரியும்" என்றார். பாசிகள் பகலில் உயிர்வளியை விடுகின்றன, இரவில் எல்லா உயிர்களும் அதைச் செலவிடுகின்றன என்பதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆயினும் பேருந்து நேரத்துக்கேற்பக் குளத்தை அளந்துகொண்டிருந்தேன். மறுநாள் முதல் ஐந்தரை மணிக்குப் போனேன். விடியலில் இரண்டுக்கும் கீழே இருந்த அளவு பிற்பகல் மூன்று மணிக்குப் பதினொன்றைத் தொட்டது. முப்பது டிகிரி வெப்பத்தில் நன்னீர் இயல்பாகக் கரைத்து வைத்துக்கொள்வது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான் என்பதால், அந்தப் பதினொன்று நல்ல செய்தியன்று. பாசி மிகுந்துவிட்டதன் அறிகுறி.

நாற்பது நாள் விடியல் கணக்கை வரைபடமாக்கியபோது நான்கு இடங்களில் பள்ளம் விழுந்தது. காரணம் கேட்ட வழிகாட்டிக்கு 'மேகமூட்டம்' என்று எழுதிக் கொடுத்தேன். வெயில் குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும் என்பதால் அது பொருத்தமாகவும் தோன்றியது, யாரும் மறுக்கவில்லை. ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது.

பட்டம் வாங்கிய பிறகு ஊர் டீக்கடையில் எங்கள் பகுதி மதகுகளைப் பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவரோடு பேச நேர்ந்தது. எந்த மதகு எந்த நாள் திறந்தது, அளவுகோலில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பென்சிலால் எழுதிய நோட்டுகள் அவரிடம் இருந்தன. என் தேதிகளை அவற்றோடு ஒப்பிட்டேன். நான்கு பள்ளங்களும், வாய்க்கால்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் எங்கள் வாய்க்காலுக்கு மீண்டும் தண்ணீர் விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் விழுந்திருந்தன. வாய்க்கால் சும்மா கிடந்த நாட்களில் செத்து அழுகிய வெங்காயத்தாமரையையும் சருகையும் முதல் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்து குளத்தில் சேர்த்தது. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் உயிர்வளியைக் குடித்தன. "புதுத் தண்ணி வந்தா ரெண்டு நாள் மீனு கெறங்கும், அது தெரிஞ்சதுதானே" என்றார் அவர். தெரியாதவன் நான் ஒருவன்தான். முதுநிலைப் பட்டமும் என்னிடம்தான் இருந்தது.

கடைமடைக்குப் போகப் போக இந்தப் பிளவு இன்னும் கூர்மையாகிறது. தண்ணீரைத் தடுத்தும் திறந்தும் விடக் கடலோரத்தில் கட்டிய இயக்கு அணைகளின் ஷட்டரை மூடினால் உப்புநீர் ஏறாது, நன்னீர் தேங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் திறக்காவிட்டால் சம்பாப் பயிர் மூழ்கும். திறந்தாலும் கடல் ஏற்றமாக இருக்கும் வேளையில் நீர் வடியாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கோ ஆற்று நன்னீரும் கடல்நீரும் அளவாகக் கலக்க வேண்டும். இறால் பண்ணைகளைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ஆம் நாள் அளித்த தீர்ப்பின் பின்னணியிலும் நிலத்தடி நீர் உப்பாவது குறித்த இதே கடலோர மக்களின் முறையீடு இருந்தது. உப்பை அளப்பவர் ஒரு துறை, ஷட்டரை ஏற்றுபவர் வேறொரு துறை என்றிருக்கும்வரை, இவற்றை ஒன்றாகப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் முழுமையாக இல்லை.

ஆகவே அவளுக்கு என் பதில்: பரங்கிப்பேட்டைக்கு விண்ணப்பம் போடட்டும். ஆனால் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், மேட்டூர் திறந்த நாளிலிருந்து தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வரும்வரை ஒருமுறை அதன் கூடவே வந்து பார்க்கட்டும். ஜூன் 12 என்பது வழக்கம்தானே தவிர உறுதியன்று. 2022-இல் மே 24, 2024-இல் ஜூலை 28. கல்லணைக்கு மூன்று நான்கு நாளில் வந்துவிடும் தண்ணீர் கடைமடையைத் தொட வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களுக்கு அவளுடைய பாடத்திட்டத்தில் இடம் இல்லை.

வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பாட்டில்கள் பரணில் பத்திரமாக இருக்கின்றன. மாங்கனீஸ் சல்பேட்டை மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.