மீதியை வெள்ளித்திரையில் காண்க

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்றவை. நடிகர்கள் பெயர், கதைச்சுருக்கம், அப்புறம் பாடல்கள். கதைச்சுருக்கம் நன்றாகச் சூடு பிடித்துப் போய்க்கொண்டே இருக்கும். கதாநாயகி காணாமல் போவாள், கதாநாயகன்மேல் கொலைப்பழி விழும். அந்த இடத்தில் டக்கென்று நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டிருப்பார்கள். கதையின் முடிச்சை முன்கூட்டியே உடைத்துவிடுவதற்கு ஸ்பாய்லர் என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே, எங்கே வாயை மூட வேண்டும் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

நான் பேய்ப்படம், கொலைப்படம், துப்பறியும் படம் என்றால் சோறு தண்ணி மறந்து போகிறவள். குடும்பப் படத்தின் கதையை யாராவது முன்கூட்டியே சொன்னால் எனக்குப் பெரிய வருத்தமில்லை. யார் யாரைக் கட்டிக்கொண்டால் என்ன, அழ வேண்டிய இடத்தில் அழுதுவிடலாம். இந்தப் படங்கள் அப்படி இல்லை. 2012இல் 'பீட்சா'வுக்கு டிரெய்லர்கூடப் பார்க்காமல் போனேன். அந்த இருட்டு பங்களாவில் டார்ச் வெளிச்சம் போகிற இடமெல்லாம் என் கண்ணும் போனது. பக்கத்து சீட் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். யாரென்றே தெரியாது, படம் முடியும்வரை விடவில்லை.

2018 அக்டோபரில் 'ராட்சசன்' வந்தபோது ஞாயிறு இரவுக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். வியாழக்கிழமையே போனில் வாட்ஸாப் குழுக்களை எல்லாம் மியூட் செய்தாயிற்று. சனிக்கிழமை மதியம் அலுவலகத்தில் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, எதிரே இருந்தவர் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தபடியே கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டார். இரண்டே சொல். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சந்தோஷத்தில் சொன்னார். ஆனால் அன்று என்னால் மீதிச் சோற்றைச் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பரிசுப்பெட்டியைத் திறந்தால் சிதைந்த பொம்மைத்தலை இருக்கும் காட்சியில் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் மட்டும், அந்த ஆள் எப்போது வருவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் திரையில் வரும் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகப்பட்டார்கள். எனக்குச் சந்தேகப்பட யாருமே இல்லை. பறிபோனது அதுதான்.

2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். பன்னிரண்டு சிறுகதைகளைக் கொடுத்து, சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் கதையை அதிகம் ரசித்தார்களாம். இதை என்னிடம் நீட்டாத நண்பர்கள் குறைவு. சரி, இருக்கட்டும். ஒரு நல்ல படத்தை இரண்டாம் முறை பார்க்கும் சுகம் எனக்கும் தெரியும், முடிச்சு எங்கே போடப்பட்டது என்று தேடித் தேடிப் பார்ப்பேன். தெரிந்து பார்க்க எத்தனை முறை வேண்டுமானாலும் வாய்க்கும். தெரியாமல் பார்க்க ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவையை அடுத்தவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

போன மாதம் அண்ணன் மகனுக்கு 'அந்த நாள்' போட்டுக் காட்டினேன். பத்தாம் வகுப்பு படிக்கிறான். 1954இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், பாட்டே கிடையாது என்றதும் முகம் சுருங்கியது. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி விழுகிறார். போனைக் கவிழ்த்து வைத்தான். 1943இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லார்மேலும் சந்தேகம் வருகிற மாதிரி வீணை பாலசந்தர் அதை எடுத்திருப்பார். துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவரையும் விசாரிக்க விசாரிக்க, இவன் ஒவ்வொருவரையும் கொலைகாரர் ஆக்கினான். "அத்தை, தம்பிதான். இல்ல இல்ல, இருங்க, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரு."

அப்பா இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கணக்கே இல்லை. வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பையன் நடுவில் ஒரு பெயரைச் சொல்லி, "தாத்தா, சரியா?" என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார், முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதாம். படம் முடிகிறவரை கிணற்றடியில்தான் நின்றார். கடைசியில் உள்ளேயிருந்து "அய்யோ!" என்று அவன் கத்திய பிறகுதான் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

வருகிற ஞாயிறு 'நடு இரவில்'. 1970இல் வந்தது, அதுவும் பாலசந்தர் இயக்கியதுதான். அப்பாவுக்கு அதில் யார் என்பது மறந்து போய்விட்டது. நான் இன்னும் பார்க்கவே இல்லை. பார்த்தவர்கள் தயவுசெய்து ஞாயிறு இரவு வரை என்னிடம் எதுவும் சொல்லாதீர்கள்.