நேர்ப் பார்வை திரும்பிய வரையில்

தலையில் அடிபட்டு நினைவு தெளிந்தபோது என் இடது இமை முழுவதுமாக மூடிக் கிடந்தது. அதை விரலால் உயர்த்திப் பார்த்த மருத்துவர், விழி வெளிப்புறமாகவும் சற்றுக் கீழாகவும் திரும்பியிருப்பதைக் கண்டு, மூன்றாம் மூளை நரம்பு செயலிழந்திருக்கிறது என்றார். விழியை அசைக்கும் ஆறு தசைகளில் நான்கும், இமையைத் தூக்கும் தசையும் அந்த நரம்பின் பொறுப்பு. எஞ்சிய இரண்டு தசைகள் எதிர்ப்பின்றி விழியைத் தம் பக்கம் இழுத்துவிடுகின்றன.

நரம்பு தானாகவே தேறக்கூடும் என்பதால் குறைந்தது 6 மாதங்கள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த மாதங்களில் இமை ஓரளவு எழுந்தது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். எனக்கோ அன்றுதான் இரட்டைப் பார்வை தொடங்கியது. அதுவரை மூடிய இமையே அதை மறைத்திருந்தது. படிக்கட்டில் எந்தப் படியில் கால் வைப்பதென்று தெரியாமல், ஒரு கண்ணை மறைத்துக்கொண்டே இறங்கினேன்.

விலகலின் அளவு மாறாமல் நின்றபின் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். "கண் முன்போல் எல்லாப் பக்கமும் சுழலாது. நேராகப் பார்க்கும்போது ஒன்றாகத் தெரிய வைப்பதுதான் நோக்கம்" என்று மருத்துவர் முன்கூட்டியே சொன்னது என்னைப் பெரிய ஏமாற்றத்திலிருந்து காத்தது, இந்தச் சிகிச்சைக்குப் போகும் எவரும் அதைக் கேட்டுத் தெளிந்துவிட வேண்டும்.

வெளிப்புறத் தசையைப் பிரித்துப் பின்தள்ளித் தைத்து, உட்புறத் தசையின் ஒரு பகுதியை நீக்கி இறுக்கினார்கள். என் உட்புறத் தசையில் கொஞ்சம் வலு மிஞ்சியிருந்ததால் இது போதுமானதாக இருந்தது. அறவே வலு இல்லாதவர்களுக்கு, வெளிப்புறத் தசையையே மூக்குப் பக்கம் மாற்றித் தைப்பது போன்ற வேறு முறைகள் தேவைப்படலாமாம். மறுநாள், மரத்துப்போகும் சொட்டு மருந்திட்டு, நான் விழித்திருக்கும்போதே எதிரிலிருந்த விளக்கைப் பார்க்கச் சொல்லித் தையலைச் சரிசெய்தார்கள். வலியைவிட உள்ளே ஏதோ இழுபடும் உணர்வே அதிகம். இரண்டு விளக்குகள் மெல்ல நெருங்கி ஒன்றானபோது நான் வாய்விட்டு அழுதேன்.

சிவப்பும் உறுத்தலும் சில வாரங்களில் அடங்கின. பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் இரண்டாகத்தான் தெரிகிறது. ஆகவே கண்ணுக்குப் பதில் தலையைத் திருப்பப் பழகிவிட்டேன். இமைக்கான அறுவை சிகிச்சை இனிமேல்தான். உறக்கத்தில் விழி மேலே செருகிப் பாதுகாப்பாக நிற்காது என்பதால், இமையை அதிகம் உயர்த்தினால் கருவிழி உலர்ந்துவிடும் ஆபத்து உண்டு. எவ்வளவு உயர்த்தலாம் என்று அடுத்த பரிசோதனையில் அளந்து சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.