மணல் நிலத்தில் ஷியர் சுவர்: தடிப்புக்கு முன் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நான்கைந்து மாடிக் கட்டடம் எழுப்ப நினைப்பவர்கள் இப்போதெல்லாம் ஷியர் சுவரை, அதாவது நிலநடுக்கம் போன்றவற்றின் பக்கவாட்டு விசையைத் தாங்கும் கம்பியிட்ட கொங்கிரீட் சுவரை, பற்றித் தாங்களாகவே விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் சுவர் எத்தனை அங்குலம் தடிப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான். என் வேலையில் தடிப்பு ஏறக்குறைய கடைசியாக முடிவாகும் விடயம். சுவர் எங்கே நிற்கிறது, அதன் அடி எதைப் பிடித்திருக்கிறது, அதன் இரு ஓரங்களிலும் கம்பி எப்படிக் கட்டப்படுகிறது என்ற மூன்றும் தீர்ந்த பிறகே அங்குலக் கணக்கு வருகிறது. அவற்றுள்ளும் நம் கரையோர மணலில் அதிகம் கவனிக்க வேண்டியது அடிதான்.

இலங்கையில் நிலநடுக்கத்துக்கு இவ்வளவு கவலை தேவையா என்பது நியாயமான கேள்வி. நாம் புவித்தட்டின் உட்பகுதியில் இருக்கிறோம். ஜப்பானிலும் சிலியிலும் உள்ள ஆபத்து இங்கே இல்லை. 2004 டிசெம்பர் 26 அன்று நம்மை அழித்தது கடல். சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த 9.1 அளவிலான அந்த நடுக்கம் இங்குள்ள கட்டடங்களைக் குலுக்கிச் சாய்க்கவில்லை. ஆனாலும் 1615 ஏப்ரலில் கொழும்பு கடுமையாகக் குலுங்கியதைப் போர்த்துக்கேயர் காலக் குறிப்புகள் சொல்கின்றன. 2023 பெப்ரவரியில் அம்பாறைக்கு அடுத்த மொனராகலை மாவட்டத்தில் புத்தல, வெல்லவாய பகுதியில் ஏறத்தாழ 3 அளவிலான அதிர்வு உணரப்பட்டது. ஆகவே மிதமான ஒரு குலுக்கலை எடுத்துக்கொண்டு கணக்கிடுவது மிகை அல்ல என்பது என் கருத்து. அப்படிக் கணக்கிடும்போது தெரியவரும் பலவீனங்கள் சாதாரண நாட்களிலும் கட்டடத்துக்கு நல்லவை அல்ல.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். 20 மீற்றருக்கு 15 மீற்றர் பரப்பில் ஐந்து மாடி, ஒவ்வொன்றும் 3 மீற்றர் உயரம். சதுர மீற்றருக்கு 11 கிலோநியூட்டன் என்று கொண்டால் மொத்த எடை 16,500 கிலோநியூட்டன். நில முடுக்கத்தைப் புவியீர்ப்பின் பத்தில் ஒரு பங்காக எடுத்து, நிலநடுக்க வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதியான யூரோகோட் 8 தரும் மண் காரணி 1.15, அதிர்வுப் பெருக்கம் 2.5 ஆகியவற்றால் பெருக்கி, கம்பிகள் நன்கு அமைக்கப்பட்டு உடையாமல் வளையக்கூடிய சுவருக்கு அது அனுமதிக்கும் 3 என்ற குறைப்பால் வகுத்து, பல மாடிக் கட்டடத்துக்குரிய 0.85 ஐயும் சேர்த்தால், அடியில் வரும் கிடைவிசை ஏறத்தாழ 1,345 கிலோநியூட்டன். ஒவ்வொரு திசைக்கும் 4 மீற்றர் நீளமும் 200 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட இரண்டு சுவர்கள் இருந்தால் ஒன்றுக்கு 673 வரும். வளைவில் கம்பிகள் இளகி நீள்வதற்கு முன் சுவர் ஷியரில், அதாவது பக்கவாட்டு வெட்டு விசையில், உடைந்துவிடக் கூடாது என்பதற்காக இதை ஒன்றரை மடங்காக்கச் சொல்கிறது விதி. அப்படிக் கூட்டியும் சராசரித் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு 1.3 நியூட்டனைத் தொடவில்லை. அதாவது, பெயரில் இருக்கும் ஷியர் இந்தச் சுவருக்குப் பெரிய சுமையே அல்ல.

வளைவுதான் சுமை. விசை மேல் மாடிகளில் கூடுதலாகப் பரவுவதால் அதன் மையம் அடியிலிருந்து 11 மீற்றர் உயரத்தில் அமைகிறது. நிலத்தில் ஊன்றி நிற்கும் பனையைப் போல ஒவ்வொரு சுவரும் தன் அடியில் 7,400 கிலோநியூட்டன்-மீற்றர் திருப்பத்தை (விசையை அதன் உயரத்தால் பெருக்கிய அளவை) தாங்க வேண்டும். சுவரின் மீது இறங்கும் செங்குத்துச் சுமை 1,000 கிலோநியூட்டன் என்றால், ஒவ்வோர் ஓரத்திலும் 25 மில்லிமீற்றர் கம்பி எட்டு முதல் பத்து வரை தேவைப்படும். யூரோகோட் கேட்கும் குறைந்தபட்ச ஓரப் பகுதி சுவர் நீளத்தின் 15 சதவீதம், அதாவது 600 மில்லிமீற்றர். அறுநூறுக்கு இருநூறு என்ற அந்தச் சிறு செவ்வகத்தில் பத்துக் கம்பிகளையும் அவற்றைச் சுற்றிய வளையங்களையும் கட்டிய பின் கொங்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரின் தலை உள்ளே போகாது. பலகையைக் கழற்றும்போது அடியில் கொங்கிரீட் நிரம்பாத ஓட்டைகள் தேன்கூடு போலத் தெரியும். ஆகவே நான் தடிப்பை 250 மில்லிமீற்றராகக் கூட்டுவதும் ஓரத்தை நீட்டுவதும் விசைக்காக அல்ல, கொங்கிரீட் இறங்க இடம் விடுவதற்காக.

இனி அத்திவாரம். 7,400 ஐ 1,000 ஆல் வகுத்தால் விசையின் கோடு சுவரின் மையத்திலிருந்து 7.4 மீற்றர் தள்ளி விழுகிறது. அந்தச் சுவருக்கு மட்டும் தனி அத்திவாரம் போட்டால் அது 15 மீற்றரைத் தாண்டியும் நீளவேண்டும். இல்லாவிட்டால் சுவர் வளைவதற்கு முன் அடியோடு சாய்ந்தெழும். ஆனால் கட்டடம் முழுவதையும் ஒரே தளமாகப் பார்த்தால் இரு சுவர்களின் 14,800 திருப்பத்துக்கு எதிராக 16,500 எடை நிற்கிறது. விலகல் வெறும் 0.9 மீற்றர். 15 மீற்றர் அகலத்தின் ஆறில் ஒரு பங்கான 2.5 மீற்றருக்குள் அது அடங்குவதால், தளத்தின் எந்த ஓரமும் மண்ணை விட்டு மேலெழாது. சுவர்களையும் தூண்களையும் ஒன்றாகப் பிணைக்கும் ராஃப்ட் அத்திவாரம் (கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கொங்கிரீட் தட்டு), அல்லது ஆழமான பிணைப்பு விட்டங்கள், நம் ஊருக்கு ஆடம்பரம் அல்ல என்று நான் வாதிடுவது இந்த இரண்டு எண்களை வைத்துத்தான்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி, காத்தான்குடி போன்ற நிலங்களில் மாரி காலத்தில் நாலைந்து அடி தோண்டினாலே நீர் ஊறும். நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கும்போது துகள்களுக்கிடையே நீரமுக்கம் ஏறி, மண் தாங்கும் வலிமையை இழக்கக்கூடும். மண் எவ்வளவு இறுக்கமானது என்பதைத் துளையிட்டுச் சம்மட்டி அடி எண்ணிக்கையால் அறியலாம். வாசற்கதவின் செதுக்கு வேலைக்குத் தயங்காமல் செலவழிக்கிறவர் இந்தப் பரிசோதனைச் செலவைக் கேட்டதும் பக்கத்து வளவு வீடு நன்றாகத்தானே நிற்கிறது என்கிறார். பக்கத்து வளவில் இருப்பது ஒரு மாடி.

சுவரின் இடத்தைப் பற்றி நிக்கராகுவாவின் மனாகுவா நகரம் 1972 டிசெம்பர் 23 அன்று ஒரு தெளிவான பாடம் தந்தது. ஒன்றுக்கொன்று அருகில் நின்ற இரு வங்கிக் கட்டடங்களில், 18 மாடி கொண்ட பாங்கோ டி அமெரிக்கா நடுவில் சமச்சீரான சுவர்க்கூட்டைக் கொண்டிருந்தது. சிறு சேதத்துடன் தப்பியது. 15 மாடி மத்திய வங்கியில் மின்தூக்கிச் சுவர்கள் ஒரு முனையில் ஒதுங்கியிருந்ததால் கட்டடம் முறுக்குண்டு கடுமையாகச் சிதைந்தது. கல்முனை பிரதான வீதியிலும் காத்தான்குடியிலும் எழும் கடைக் கட்டடங்கள் பலவற்றை இரண்டாவது வகையில்தான் சேர்க்க வேண்டும். முன்பக்கம் முழுக்க ஷட்டர், படிக்கட்டும் மின்தூக்கியும் பின் மூலையில். முன்பக்கத்தில் ஒன்றரை மீற்றர் சுவர் கேட்டாலே கடையின் முகப்புப் போய்விடும் என்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆகவே முன் இரு மூலைகளிலும் எல் வடிவச் சுவர்களை வைத்து ஷட்டரை நடுவில் விடுமாறு கேட்கிறேன். கீழ்த்தளத்தில் வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரை முதல் மாடியோடு முடிப்பதற்கு மட்டும் நான் இணங்குவதில்லை.

கடல் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. கடலை நோக்கிய 20 மீற்றர் முகப்பு முழுவதும் அடைத்திருக்க, 3 மீற்றர் ஆழ நீர் விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் மோதினால், ஏறத்தாழ 1,500 கிலோநியூட்டன் விசை வரும். மேலே கண்ட நிலநடுக்க விசையைவிட அது சற்று அதிகம். ஆனால் தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் தாக்குவதால் திருப்பம் மிகக் குறைவு. நம் கரையில் கிழக்கு மேற்காக ஓடும் சுவர் தன் ஓரத்தைத்தான் கடலுக்குக் காட்டும்; வடக்கு தெற்காக ஓடும் சுவரே நீரை மறிக்கும். பின்னையதை நடுக்கூட்டில் சேர்த்துவிட்டு, கீழ்மாடியின் கல் சுவர்கள் உடைந்து நீருக்கு வழிவிடட்டும் என்று விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. அரிப்புக்காக அத்திவாரத்தை இன்னும் ஆழமாக இறக்க வேண்டியிருக்கும்.

சுவரின் ஓரங்களைப் பற்றிச் சிலி நாட்டை விட நல்ல சாட்சி இல்லை. 1985 நிலநடுக்கத்தில் அங்குள்ள சுவர்க் கட்டடங்கள் நன்றாக நின்றதால், 1996 இல் வந்த விதி ஓரங்களை நெருக்கமான வளையங்களால் இறுக்க வேண்டும் என்ற அமெரிக்க விதியின் தேவையைத் தளர்த்தியது. பின்னர் கட்டப்பட்டவை உயர்ந்தன, சுவர்கள் மெலிந்தன. 2010 பெப்ரவரி 27 அன்று 8.8 அளவிலான நடுக்கத்தில் பல கட்டடங்களில் 150 முதல் 200 மில்லிமீற்றர் சுவர்களின் ஓரக் கொங்கிரீட் நொறுங்கி, கம்பிகள் வெளியே வளைந்தன. கொன்செப்சியோன் நகரில் ஆல்ட்டோ ரியோ என்ற 15 மாடிக் கட்டடம் மல்லாந்து விழுந்தது. மறுபுறம், கம்பி மிகக் குறைந்தாலும் ஆபத்து: 2011 இல் கிரைஸ்ட்சேர்ச்சின் கேலரி அப்பார்ட்மென்ட்ஸ் சுவரில் பல விரிசல்களுக்குப் பதில் ஏறத்தாழ ஒரே விரிசல் விழுந்தது, அந்த இடத்தில் கம்பிகள் அறுந்தன.

இதைத் தளத்தில் பார்க்கும்போது எல்லாம் வளையத்தின் கொக்கியில் வந்து நிற்கிறது. கம்பி கட்டுபவருக்கு 90 பாகை கொக்கி எளிது. வளையத்தை மேலிருந்து கோக்காமல் பக்கத்திலிருந்தே மாட்டிவிடலாம். வெளிப்பூச்சுக் கொங்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி திறந்துகொள்ளும். 135 பாகையில் மடித்து முனையை உட்கருவுக்குள் திருப்பினால் திறக்க இடமில்லை. முதல் சுவரை நானும் அருகில் நின்று கட்டுவித்து, ‘இப்படித்தான் தம்பி, மற்றதெல்லாம்’ என்று காட்டிவிடுவது வரைபடத்தில் எழுதுவதைவிடப் பலனளிக்கிறது. பிளம்பரையும் அன்றே கூப்பிட்டு, குழாய்த் துளை எந்தப் பகுதியில் போகக் கூடாது என்று பலகையிலேயே சோக்கால் கோடு போட்டுவிட வேண்டும். கொங்கிரீட் இறுகிய பிறகு துளைப்பவர் ஓரம், நடு என்று பார்க்க மாட்டார்.

கடைசியாக மொட்டை மாடிகள். மேல் மாடியைப் பிறகு கட்டலாம் என்று கம்பிகளை நீட்டி விடுவது நம் ஊர் வழக்கம். கடற்காற்றில் சில ஆண்டுகளிலேயே அவை செதில் செதிலாக உதிர்கின்றன. அவற்றில் புதுச் சுவரின் ஓரக் கம்பியைப் பிணைப்பது பலவீனத்தின் மேல் எடையை ஏற்றுவதாகும். அத்துடன் ஒரு மாடி கூடினால் எடையும், விசையின் உயரமும் கூடும். ஆறாவது மாடியோடு மேலே கணக்கிட்ட அடித் திருப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கை நெருங்கும். எதிர்கால மாடிகளின் எண்ணிக்கையை முதல் வரைபடத்திலேயே எழுதி, அத்திவாரத்தை அதற்கே கணக்கிட்டு, நீட்டிய கம்பிகளுக்குச் சீமெந்துப் பால் பூசி, சீமெந்து குறைந்த கலவையால் மூடி வைக்கச் சொல்கிறேன். தேவைப்படும்போது அந்தக் கலவையை உடைத்தெடுப்பது ஒரு நாள் வேலை.