டெல் மார்: நிற்காத ரயிலும் அலையேறும் படைவீரர்களும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள சான் டியேகோவிலிருந்து டெல் மார் கடற்கரைக்கு கோஸ்டர் ரயிலில் போகலாம் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். ரயில் கடலோரக் குன்றின் விளிம்பில் ஊரை உரசிக்கொண்டே போகும், நிற்காது. டெல் மார் நிலையத்தை 1995இலேயே மூடிவிட்டார்கள். சொலானா பீச்சில் இறங்கி, 101ஆம் எண் பேருந்தில் வந்த வழியே திரும்ப வேண்டும். காரில் போனால் வேறொரு வம்பு. கேம்ப் பெண்டில்டன் ராணுவ முகாமுக்குள்ளும் டெல் மார் என்றே ஒரு கடற்கரை இருக்கிறது. ஜி.பி.எஸ். அங்கே கொண்டுபோய் விட்டால், ராணுவ அடையாள அட்டை இல்லாதவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். கோடையில் மாவட்டக் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் சேர்ந்துகொள்ளும். பார்க்கிங் மீட்டருக்கு அழும் டாலரை ரூபாயாக்கிப் பார்க்காதீர்கள், கடற்கரையே கசந்துவிடும்.

இந்த இம்சையெல்லாம் சகித்துப் போக ஒரே காரணம், சான் டியேகோ கடற்படை மருத்துவமனை 2008இல் தொடங்கிய சர்ஃபிங் சிகிச்சை, அதாவது பலகையில் அலைமேல் சவாரி செய்ய வைத்து மனதை ஆற்றுவது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை கால் இழந்தவர்கள், தூக்கத்தைத் தொலைத்தவர்கள் இந்தக் கரையில் அலையேறினார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு நாள், மூன்று நான்கு மணி நேரம்.

முதல் பாடம் மணலில்தான். குப்புறப் படுத்து, மார்புக்குப் பக்கத்தில் கையூன்றி, ஒரே எழும்பலில் நிற்கப் பழக வேண்டும். பலகை எட்டு, ஒன்பது அடி நீளம், மேலே மெத்தென்ற ஃபோம். குட்டைப் பலகை அழகுதான், ஆனால் புதியவரைத் தாங்காது. இடுப்பளவு நீரில், உடைந்து வரும் வெள்ளை நுரையில் பயிற்றுநர் பின்னாலிருந்து தள்ளிவிடுவார். முன்னால் நகர்ந்து படுத்தால் பலகையின் மூக்கு நீரில் குத்திக் கவிழும். பின்னால் படுத்தால் அலை விட்டுவிட்டுப் போய்விடும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுந்து, கையால் தலையை மறைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். குண்டுவெடிப்பில் மூளை அதிர்ந்தவருக்கு இன்னொரு அடி ஆகாது என்பதால் ஹெல்மெட் நல்லது. கடல்நீரைத் தாங்காத மின்னணு முட்டி பொருத்திய செயற்கைக் காலைக் கரையிலேயே கழற்றிவிட வேண்டும், உப்பும் மணலும் அதைத் தின்றுவிடும். முழங்காலிட்டோ படுத்தோ சவாரி செய்யலாம். கால் செயலிழந்தவருக்குத் தள்ள ஒருவர், கரைப்பக்கம் பிடிக்க ஒருவர்.

இதில் மனம் எங்கே ஆறுகிறது? போரில் பழகிய கண்கள் எப்போதும் பின்னால் யார் என்று தேடும். பலகையில் நிற்கும் சில நொடிகள் அந்தத் தேடலுக்கு இடமே தராது. அடுத்த அலைத் தொகுதி வரும்வரை எல்லோரும் கடலைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முகம் பார்க்காமல் பேசுவது பலருக்கு எளிது.

‘கடல் மாயம்’ என்று உருகுபவர்களுக்கு ஒரு தகவல். கடுமையான மனச்சோர்வுள்ள 96 படைவீரர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரை அலைக்கும் மறு பகுதியினரை மலையேற்ற நடைக்கும் அனுப்பிய ஆய்வு 2023இல் வெளியானது. இரண்டு குழுவிலும் மனச்சோர்வு குறைந்தது. ஆக, வெளியே போவது, உடல் களைப்பது, கூட ஆள் இருப்பது இவற்றுக்கும் பெரும்பங்கு உண்டு. மருந்தையும் ஆலோசனையையும் நிறுத்திவிட்டுப் பலகையைத் தூக்கச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

இந்தக் கரைக்கு ஒரு குறையும் உண்டு. கடலோரமாகவே ராணுவ ஹெலிகாப்டர்கள் பறக்கும், குன்றில் ரயில் அலறும். அந்தச் சத்தத்தில் உறைந்துபோகிறவர்கள் இருப்பார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து கேமராவை உள்ளே வையுங்கள்.

நீங்களும் இறங்குவதானால், குளிர்காலத்தில் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும், 4/3 மி.மீ. வெட்சூட் (உடம்பில் 4, கை கால்களில் 3 மி.மீ. தடிமனுள்ள, குளிர் தாங்கும் ரப்பர் உடை) வேண்டும், கோடைக்கு 3/2 போதும். வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். மணலில் திருக்கை மீன் புதைந்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். குத்திவிட்டால் 17ஆம் தெருவிலுள்ள உயிர்காப்பாளர்களிடம் ஓடுங்கள். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி அடங்கும்.

குளிரில் ஊறி வெளியே வந்ததும் பசி வயிற்றைக் கிள்ளும். கடல் தெரியும் மேஜைக்கெல்லாம் ஆசைப்படாதீர்கள், அந்தக் காட்சிக்கும் சேர்த்தே பில் வரும். உள்ளே தள்ளியுள்ள சின்னக் கடையில் மீன் டாக்கோ கேளுங்கள்: சோள ரொட்டி, மாவில் தோய்த்துப் பொரித்த மீன், முட்டைக்கோஸ், வெள்ளை சாஸ். மொறுமொறுவென்று, அப்படியொரு ருசி! எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள், அதற்குத் தனிக் காசில்லை.