ஒரே பாட்டு, இரண்டு மொழி

ஆங்கிலப் பாடல்களையே கேட்டுப் பழகிய ஒருவர் ஜெர்மன் பாடல்களுக்குள் நுழைய விரும்பினால், இரண்டு மொழிகளிலும் பதிவான பாடல்களிலிருந்து தொடங்குவதே நல்ல வழி என்று நான் நம்புகிறேன். மெட்டு பழகியது, தாளம் பழகியது, பல சமயங்களில் பாடுகிற குரலும் பழகியதுதான். மாறியிருப்பது மொழி ஒன்றே. அப்படி அடுத்தடுத்துக் கேட்கும்போது, ஜெர்மன் மொழி ஒரு பாட்டை என்ன செய்கிறது என்பது அதன் இலக்கணம் சிறிதும் அறியாத காதுக்கும் பிடிபட்டுவிடுகிறது. என் இளமைக் காலம் முழுவதும் பிரிட்டிஷ், அமெரிக்க ராக் இசையிலேயே கழிந்தது. ஜெர்மன் என்றால் அதட்டல், பாட்டுக்கு ஒத்துவராத மொழி என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். போர்ப் படங்களில் ஒலிக்கும் கட்டளைக் குரல்களைத் தவிர அந்த மொழியைக் கேட்க வாய்ப்பில்லாதவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? அந்த எண்ணத்தைக் கலைக்க, இரு மொழிப் பாடல்களைப் போல வேறெதுவும் எனக்கு உதவவில்லை.

பலருக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பீட்டில்ஸ் குழுவின் பதிவு. 1964 ஜனவரி 29 அன்று, பாரிஸிலுள்ள பாத்தே மார்கோனி ஒலிப்பதிவுக்கூடத்தில், அவர்கள் தங்களுடைய இரண்டு வெற்றிப் பாடல்களை ஜெர்மனில் பாடினார்கள். ஜெர்மனில் பாடினால்தான் அங்கே இசைத்தட்டு விற்கும் என்று அவர்களுடைய நிறுவனத்தின் ஜெர்மன் கிளை வற்புறுத்தியதே காரணம். 'ஐ வான்ட் டு ஹோல்டு யுவர் ஹேண்ட்' பாட்டுக்கு ஏற்கெனவே இருந்த இசையின் மேல் புதிய குரலைப் பதித்தார்கள். 'ஷி லவ்ஸ் யூ' பாட்டின் மூல நாடா அழிக்கப்பட்டுவிட்டதால், அதை முழுவதுமாக மறுபடி வாசித்துப் பாட வேண்டியிருந்தது. இசைக்காக அல்லாமல் விற்பனைக்காகச் செய்யப்பட்ட வேலை என்பது கேட்கும்போதே தெரிகிறது. எனினும் அந்தக் கால நிலைமையை அது நன்றாகக் காட்டுகிறது: ஆங்கிலேயர்களை ஜெர்மனில் பாடச் சொன்ன அதே ஆண்டுகளில், ஜெர்மன் இளைஞர்கள் தங்கள் தாய்மொழியில் பாடுவதற்குக் கூச்சப்பட்டார்கள்.

அந்தக் கூச்சத்துக்குக் காரணம் இருந்தது. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் நிலைகொண்டிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளுக்காக ஏஎஃப்என், பிஎஃப்பிஎஸ் என்ற வானொலிகள் நடந்தன. ராக் அண்ட் ரோல் அந்த அலைவரிசைகள் வழியாகவே ஜெர்மன் வீடுகளுக்குள் வந்தது. ஜெர்மன் மொழியில் ஒலித்ததோ 'ஷ்லாகர்' என்று அழைக்கப்படும், பெற்றோர் தலைமுறைக்குப் பிடித்த இனிப்பான மெல்லிசை. அந்தப் பெற்றோர் தலைமுறைதான் நாஜிக் காலத்தில் வாழ்ந்த தலைமுறையும். ஆகவே கலகம் செய்ய விரும்பிய பிள்ளைகள் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த நிலையில், டுசல்டார்ஃப் நகரத்தின் மின்னணு இசைக் குழுவான கிராஃப்ட்வெர்க் 1974இல் 'அவுட்டோபான்' (விரைவு நெடுஞ்சாலை) என்ற பாட்டை ஜெர்மனிலேயே பாடி வெளியிட்டது பெரிய துணிச்சல். இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாட்டில் சொற்கள் மிகக் குறைவு. சாலை ஒரு சாம்பல் நிறப் பட்டை, நடுவே வெள்ளைக் கோடுகள், ஓரம் பச்சை. இப்போது வானொலியைப் போடுகிறோம், ஒலிபெருக்கியிலிருந்து வருவது நாம் பாடிக்கொண்டிருக்கும் இதே பாட்டு. அவ்வளவுதான். காதலும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஓடும் காருக்குள்ளிருந்து கண்ணில் படுவதை அப்படியே சொல்லும் இந்த எளிமைக்கு ஜெர்மன் மொழியின் குறுகிய அசைகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அமெரிக்க வானொலிகளுக்காகச் சில நிமிடங்களாகச் சுருக்கப்பட்ட வடிவம் 1975இல் அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசைப் பட்டியலில் 25ஆம் இடம் வரை போனது. அந்தப் பாட்டு இடம்பெற்ற இசைத் தொகுப்பு, தொகுப்புகளுக்கான பட்டியலில் 5ஆம் இடத்தைத் தொட்டது. சொல் புரியாத அமெரிக்கர்கள் அதை ஜெர்மனிலேயே கேட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அதன் பிறகு கிராஃப்ட்வெர்க் தங்கள் தொகுப்புகளை ஜெர்மன், ஆங்கிலம் என இரு வடிவங்களில் வெளியிடத் தொடங்கியது. 1978இல் வந்த 'தாஸ் மொடெல்' பாட்டின் ஆங்கில வடிவம் 1982 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. விளம்பர மாடல் ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. இரண்டு வடிவங்களிலும் இசை அதேதான். ஆனால் ஜெர்மன் வடிவத்தில், இரவு விடுதிகளில் அவள் எப்போதும் 'ஸெக்ட்' என்ற நுரைக்கும் ஒயினையே குடிப்பாள் என்ற வரி முடிந்ததும், பாடாமல் பேசுகிற ஒரு குரல் 'கோரெக்ட்!' என்று குறுக்கே நுழைகிறது. இயைபும் அமைகிறது, குறும்பும் அமைகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆங்கில வடிவத்தை நெடுநாள் கேட்டுப் பழகிய எனக்கு, அந்த ஒரு குரலைக் கேட்டபோதுதான், இறுகிய முகம் கொண்ட இயந்திர மனிதர்கள் என்று பேர் பெற்ற இந்தக் குழுவுக்குள் எவ்வளவு நகைச்சுவை இருக்கிறது என்பது புரிந்தது.

எதிர்த்திசையில் வந்தவர் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் பௌயி. மேற்கு பெர்லினில், நகரத்தைக் கிழக்கு மேற்காகப் பிரித்த சுவருக்கு மிக அருகிலிருந்த ஹன்சா ஒலிப்பதிவுக்கூடத்தில் 1977இல் உருவான 'ஹீரோஸ்' பாட்டை அவர் 'ஹெல்டன்' என்று ஜெர்மனிலும் பாடினார். அந்த ஜெர்மன் வரிகளை அமைக்க, அங்கே பின்னணி பாடிய அன்டோனியா மாஸ் உதவினார். சுவரருகே காதலர்கள் முத்தமிடும் சரணத்தை இரண்டு வடிவங்களிலும் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் அவர்கள் சுவரோரம் நிற்கிறார்கள், தலைக்கு மேல் குண்டுகள் பாய்கின்றன. ஜெர்மனிலோ, முதுகுக்குப் பின்னால் சுவர் குளிர்ந்திருந்தது என்று வருகிறது. குண்டுகள் காற்றைக் கிழிக்கின்றன. அந்தக் குளிர்ச்சி ஆங்கிலத்தில் இல்லை. சுவரைப் பார்ப்பவரின் வரி ஒன்று. அதன்மேல் சாய்ந்திருப்பவரின் வரி மற்றொன்று. பௌயியின் ஜெர்மன் உச்சரிப்பில் அயலார் வாடை தெளிவாகவே அடிக்கிறது. ஆனாலும் கடைசிச் சரணத்தில் அவர் கத்திப் பாடும்போது, மெய்யெழுத்தில் முட்டி நிற்கிற ஜெர்மன் சொற்கள் அந்தக் கதறலுக்கு ஒரு கரடுமுரடைத் தருகின்றன. நான் இப்போது பெரும்பாலும் ஜெர்மன் வடிவத்தையே கேட்கிறேன்.

இந்த வரிசையில் என்னை முழுவதுமாக இழுத்துப் போட்டது நேனா என்ற ஜெர்மன் குழுவின் '99 லுஃப்ட்பலோன்ஸ்' (99 பலூன்கள்). 1982இல் மேற்கு பெர்லின் வால்ட்பூனே திறந்தவெளி அரங்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சியின்போது பறக்கவிடப்பட்ட பலூன்களைப் பார்த்த குழுவின் கிட்டார் கலைஞர் கார்லோ கார்கஸ், இவை எல்லை தாண்டிக் கிழக்குப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று யோசித்ததில் பிறந்த வரிகள் அவை. மெட்டு, கீபோர்டு வாசித்த ஊவே ஃபாரன்குரோக் பீட்டர்சனுடையது. பலூன்களைப் பறக்கும் தட்டுகள் என்று எண்ணி ஒரு தளபதி போர் விமானங்களை அனுப்புகிறார். விமானிகள் வாணவேடிக்கை காட்டுகிறார்கள். பக்கத்து நாடுகள் தங்களைச் சீண்டுவதாக எடுத்துக்கொள்கின்றன. 99 ஆண்டுப் போர் மூள்கிறது. வென்றவர் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. பாட்டு வந்த 1983ஆம் ஆண்டின் நவம்பரில்தான் அமெரிக்காவின் பெர்ஷிங் 2 அணு ஏவுகணைகளைத் தன் மண்ணில் நிறுவ மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் இசைந்தது. அதற்கு முந்தைய மாதம் பான் நகரத்தில் லட்சக்கணக்கானோர் அதை எதிர்த்துத் திரண்டிருந்தார்கள். துள்ளாட்டம் போட வைக்கும் இந்த மெட்டுக்கு அடியில் ஓடுவது அந்த அச்சம்தான்.

ஆங்கிலத்தில் இதற்குக் கெவின் மெக்அலீ வரிகள் எழுதினார். அந்த வடிவம் 1984இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவிலோ ஜெர்மன் வடிவமே இரண்டாம் இடம் வரை ஏறியது. ஆங்கில வரிகள் குழுவினருக்கே நிறைவளிக்கவில்லை. ஏன் என்பதை ஒரு சரணமே காட்டிவிடும். ஜெர்மனில் 99 போர் அமைச்சர்கள் வருகிறார்கள், அவர்களோடு தீக்குச்சியும் பெட்ரோல் கேனும் வருகின்றன. தங்களைச் சாமர்த்தியசாலிகள் என்று நினைத்துக்கொண்டு, கொழுத்த இரையை மோப்பம் பிடித்து, போர் என்று கூவுகிறார்கள். அமைச்சரையும் ('மினிஸ்டர்') பெட்ரோல் கேனையும் ('கனிஸ்டர்') அடுத்தடுத்து நிறுத்தி இயைபு போட்டிருப்பதிலேயே பாட்டின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆங்கிலச் சரணத்தில் அமைச்சர்கள் கூடுகிறார்கள், பதறுகிறார்கள், படையை அழைக்கிறார்கள். தீக்குச்சியும் இல்லை, கேனும் இல்லை, பேராசையும் இல்லை. பதற்றத்தால் வந்த போரும் பேராசையால் வந்த போரும் ஒன்றல்லவே.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனி வசதி உண்டு. 99 பலூன்களால் நிலைமை இந்த அளவுக்கு வரும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள் என்ற பொருளில் வரும் இடத்தில், ஜெர்மன் துணைவாக்கியம் வினைச்சொல்லைக் கடைசிவரை ஒத்திப்போடுகிறது. ஆங்கிலக் காதுக்கு அது காத்திருப்பு. நமக்கோ அன்றாடப் பேச்சின் இயல்பான நடை. பாடகி அந்த வினையை அடியின் இறுதியில் தட்டி நிறுத்தும்போது, பொருள் தெரிவதற்கு முன்பே, வாக்கியம் முடிந்தது என்று என் காது சொல்லிவிட்டது.

ஆஸ்திரியாவின் ஃபால்கோ, 1986 மார்ச் இறுதியில் 'ராக் மீ அமடேயஸ்' பாட்டால் அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்கே போனார். அவர் இரு மொழிகளையும் ஒரே பாட்டுக்குள் கலந்துவிட்டதால், ஒப்பிட்டுக் கேட்க அங்கே ஒன்றுமில்லை. வியன்னாத் தெருப்பேச்சின் சாய்வு கலந்த அந்த அலட்சியமான குரலை ரசித்துவிட்டு நகரலாம்.

இவர்களைக் கடந்த பிறகுதான் ஆங்கில வடிவமே இல்லாத பாடல்களுக்கு வந்து சேர்ந்தேன். 1970இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய டோன் ஷ்டைன ஷெர்பன் குழுவும் அதன் பாடகர் ரியோ ரைசரும் என் மனதில் தனி இடம் பெற்றவர்கள். எல்லோரும் ஆங்கிலத்தை நாடிய காலத்தில், வீடற்றவர்களுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் அவர்களுடைய மொழியிலேயே ராக் பாடி, சொந்த நிறுவனம் வைத்து வெளியிட்ட குழு அது. 1972இல் வந்த அவர்களுடைய பாட்டு ஒன்றில், கனவு நனவாகியிருக்கும் நாடு பூமியில் எங்காவது உண்டா என்று கேட்டுவிட்டு, எனக்குத் தெரியாது, ஆனால் இந்த நாடு அது இல்லை என்பது மட்டும் நிச்சயம் என்று ரைசர் பாடுவார். 1988இல் கிழக்கு பெர்லினின் ஸேலன்பிண்டர் அரங்கில் அவர் அதைப் பாடியபோது, அந்த வரியைக் கூட்டம் முழுவதும் சேர்ந்து முழங்கியது. மேற்கைச் சாடி எழுதப்பட்ட வரி, கிழக்கில் வாழ்ந்தவர்களின் வாயில் அவர்களுடைய அரசைச் சுட்டியது. சுவர் விழ இன்னும் ஓராண்டு இருந்தது. ஆங்கிலத்தில் பாடியிருந்தால் அந்த அரங்கில் அது நடந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எலமென்ட் ஆஃப் கிரைம் என்ற பெர்லின் குழுவையும் சொல்ல வேண்டும். 1980களில் ஆங்கிலத்தில் பாடி, ஜான் கேல் போன்ற புகழ்பெற்ற இசைக்கலைஞரின் தயாரிப்பிலும் ஒரு தொகுப்பு வெளியிட்ட அவர்கள், 1991இல் ஜெர்மனுக்கு மாறினார்கள். அதன் பிறகு அவர்களுடைய பாடகர் ஸ்வென் ரேகெனரின் குரலில் ஒரு தெருவாசியின் நிதானம் வந்து குடியேறிவிட்டது.

செவ்வியல் இசை கேட்பவர்கள் முதலில் தொடும் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபெர்ட்டை நான் கடைசியில்தான் தொட்டேன். இங்கே நமக்கு ஓர் உறவு இருக்கிறது. ஜெர்மன் கற்க நாம் போகும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனின் பெயருக்குரிய மாக்ஸ் முல்லர், ஷூபெர்ட் 1827இல் இசையமைத்த 'வின்டர்ரைசே' (குளிர்காலப் பயணம்) என்ற 24 பாடல்களின் வரிகளை எழுதிய வில்ஹெல்ம் முல்லரின் மகன். அந்த வரிசையின் ஐந்தாம் பாடல், ஐரோப்பாவின் ஊர் வாயில்களில் நிழல் தரும் லிண்டன் மரத்தைப் பற்றியது. ஃபிரீட்ரிஷ் ஸில்ஷர் அதைச் சேர்ந்திசைக்கு ஏற்றவாறு எளிமைப்படுத்த, அது நாட்டுப்பாடல் போல ஜெர்மானியர்களின் நாவில் தங்கிவிட்டது. ஆக, இதற்கும் இரண்டு வடிவங்கள். இம்முறை இரண்டுமே ஜெர்மன். ஸில்ஷரின் வடிவத்தில் எல்லாச் சரணங்களுக்கும் ஒரே இனிய மெட்டு. ஷூபெர்ட்டிலோ, குளிர்காற்று முகத்தில் அறைந்து தொப்பியைப் பறித்துப் போகிற இடத்தில், அதுவரை இலைகளாகச் சலசலத்த பியானோ புயலாக மாறுகிறது, குரல் பழைய மெட்டைக் கைவிட்டு வேறு வழியில் போகிறது, பயணியோ திரும்பிப் பார்க்கவே இல்லை. டீட்ரிஷ் ஃபிஷர் டீஸ்காவ் பாட, ஆங்கிலேயரான ஜெரால்டு மூர் பியானோ வாசித்த பதிவில் அந்தச் சரணத்தை முதலில் கேளுங்கள். பிறகு ஏதேனும் ஒரு ஜெர்மன் ஆடவர் பாடகர் குழு ஸில்ஷரின் வடிவத்தைப் பாடுவதைத் தேடிக் கேளுங்கள்.